வால்வுலஸ்

கொம்பையாவின் வயிறு பானையாக உப்பியிருந்தது. இரண்டு நாளாக மலமும் இல்லை, காற்றும் இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த மாத்திரத்தில் இளம்பரிதி நோயின் பெயரைச் சொல்லிவிட்டான். அறுவை சிகிச்சை மேற்படிப்பில் இரண்டாம் வருடம்; தங்கப் பதக்கக்காரன் வேறு. பெருமை இல்லாமல் இருக்குமா?

"வால்வுலஸ்மா. உடனே ஆபரேஷன் பண்ணணும். இங்க கையெழுத்துப் போடுங்க."

கொம்பையாவின் மனைவி சண்முகவடிவு பேனாவைத் தொடவில்லை.

"வயித்துவலின்னுதான சார் வந்தோம்? எதுக்கு நெஞ்சைக் கீறப் போறிய?"

"நெஞ்சையா? யார் சொன்னா?"

"வால்வுன்னு சொன்னியள்லா? எங்க மாமாவுக்கும் வால்வுதான். மெட்ராஸ்ல நெஞ்சைக் கீறுனாவ. அவுக திரும்பி வரல."

இளம்பரிதி மறுபடி விளக்கினான். அதே வார்த்தைதான், குரல் மட்டும் ஒரு படி ஏறியது. அவள் ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். ஊரில் வயிற்றை உருவிக் குடல் தட்டுகிற நாட்டு வைத்தியர் இருக்கிறாராம்.

அவன் தன் ஆசிரியை டாக்டர் ஞானசௌந்தரியிடம் ஓடினான். அவர் தியேட்டர் வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னும் தாமதிச்சா குடல் அழுகிடும் மேடம். சொன்னா புரிஞ்சுக்க மாட்டேங்கிறாங்க." உண்மையிலேயே பயந்திருந்தான்.

"என்ன சொன்னே?"

"வால்வுலஸ்னு."

"அப்படின்னா?"

அந்த அவசரத்திலும் அவன் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "லத்தீன், மேடம். உருள்றது, முறுக்கிக்கிறது."

"அந்தம்மா வந்ததும் என்ன சொன்னாங்க?"

"குடல் முறுக்கிட்டுன்னாங்க. நான்தான், அதெல்லாம் டாக்டர் சொல்லணும்னு..."

முடிக்கவில்லை. வார்டுக்கு ஓடினான்.

"அம்மா, நீங்க சொன்னதுதான். குடல் முறுக்கிட்டு. வயித்தைத் திறந்து முறுக்கை எடுக்கணும். நெஞ்சுப் பக்கமே போகமாட்டோம்."

சண்முகவடிவு எழுந்து நின்றாள்.

"அப்பவே சொன்னேம்லா!" வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பேனாவைப் பிடுங்கி, அப்பா பெயரோடு சேர்த்துத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

குடல் தப்பியது. கடைசித் தையலைப் போட்டுவிட்டு வெளியே வந்த இளம்பரிதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு முறுக்குக்குப் போய் எதுக்கு மேடம் லத்தீன்ல பேரு வெச்சாங்க?"

"யாரும் பேரு வெக்கல. லத்தீன் பேசினவனுக்கு வயித்தை முறுக்குச்சு. 'முறுக்குது'ன்னு கத்தினான். பக்கத்துல இருந்த டாக்டர் எழுதிக்கிட்டார்" என்றார் ஞானசௌந்தரி. "நீ எழுதிக்கல."