அம்மனுக்கு யார் ஜாடை?

கரிசலூர்ப் பண்ணையார் தணிகாசலம் காளியம்மனுக்குச் சலவைக்கல்லில் சிலை செய்யச் சொல்லியிருந்தார். முகம் மட்டும் பாக்கியிருந்த நாளில் ஊரையே கூட்டிக்கொண்டு சிற்பக்கூடத்துக்கு வந்து நின்றார்.

“முகம் என் ஜாடையில இருக்கணும். இல்லேன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் உளி பிடிக்க முடியாது” என்றார்.

ஸ்தபதி உளியைக் கீழே வைத்தார். கல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த வடிவாம்பாள் எழுந்து கும்பிட்டாள்.

“தாராளமா செஞ்சிடலாம் ஐயா. ஒரே ஒரு சந்தேகம். நிலத்தைப் பறிகொடுத்தவங்க மிளகாயை அரைச்சு அம்மன் முகத்துல பூசித்தானே நியாயம் கேப்பாங்க? ஐயா முகம்னா பூசக் கூச்சப்படுவாங்களே!”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பண்ணையாருக்கு மீசை துடித்தது.

“என் ஊர்ல நிலத்தைப் பறிகொடுத்தவன் எவன்டா இருக்கான்?” என்று கத்தினார்.

தயங்கித் தயங்கி ஒரு கை உயர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் எண்ண முடியாத அளவுக்குக் கைகள்.

“எங்களுக்குக் கூச்சமெல்லாம் இல்லீங்க” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பண்ணையார் தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அம்மனுக்கு அம்மன் முகமே இருக்கட்டும்” என்று முணுமுணுத்துவிட்டு வண்டியில் ஏறினார்.