பச்சைத் தண்ணீர்

மாரங்கூர் ராஜா செண்பகவர்மனுக்கு நேற்று கட்டிய பட்டை இன்று கட்டினால் உடம்பெல்லாம் அரிக்கும். தினம் ஒரு புதுப்பட்டு, தினம் ஒரு நிறம். அவர் எந்த நிறமோ அந்த நிறத்தில்தான் சபையே வந்து நிற்கும்.

ஒருநாள் அவருக்குக் குடிக்க வந்த ஆற்றுத் தண்ணீர் குங்குமமாய்ச் சிவந்திருந்தது. அரண்மனைக்குத் தண்ணீர் சுமக்கும் பூவாயியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"ஆற்றைக் கெடுத்தவன் எவன்? பொழுது சாய்வதற்குள் ஆளைக் காட்டு. இல்லாவிட்டால் கசையடி உனக்குத்தான்!"

"காட்டுறேன் ராசா. நாளைக்கு என்ன நிறத்துல கட்டப் போறீங்க?"

"கிளிப்பச்சை. ஆற்றங்கரைச் சாயப்பட்டறையில் இப்போதே சாயம் முக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன?"

"அப்ப சாயங்காலம் பச்சைத் தண்ணி கொண்டு வரேன்."

சொன்னபடியே கொண்டுவந்தாள். செம்பில் தண்ணீர் கிளிப்பச்சையாய் மின்னியது.

"நீயே கலந்திருப்பாய்!" என்று ராஜா மந்திரியை ஆற்றுக்கு விரட்டினார். மந்திரி முழங்கால் வரை பச்சையாகத் திரும்பி வந்தார்.

"ஆறு பச்சையாகும் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே ராசா சொன்னீங்க! இத்தனை பேர் பட்டுக்கும் சாயம் முக்கின தண்ணி வேற எங்க போகும்? ஆத்துக்கு உங்க பேச்சைத் தட்டத் தெரியாது."

சபையோர் தங்கள் பட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

"இனி ஆளையும் காட்டணுமா ராசா?" என்று பூவாயி பணிவாகக் கேட்டாள்.

"வேண்டாம், வேண்டாம்!" என்றார் ராஜா அவசரமாக. "நாளைக்கு எல்லோரும் பழைய பட்டிலேயே வாருங்கள்."

மறுநாள் பெட்டியடியில் கிடந்த பட்டைக் கட்டிவந்த ராஜா, தூசி தாங்காமல் தும்மினார். அதைப் பார்த்துச் சபையே தும்மியது.