ஒகாபே வீட்டு வாசல்

கோதைநாச்சியார் பதினொரு முறை கியோட்டோவுக்கு வந்தவள். மதுரையில் ஒரு சுற்றுலா நிறுவனத்தில் வழிகாட்டி வேலை. எந்த ஆலயம் எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஜப்பான் மொழியும் பேச வரும்.

பன்னிரண்டாம் முறை தனியாக வந்தாள். நாற்பத்தாறு வயதில், மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு.

அவள் தேடி வந்தது ஒரு சந்துக்குள் இருந்த சின்னப் புத்த மடம். அதைக் கவனித்து வந்த துறவி மியோஷுன் அவளைவிட எட்டு வயது இளையவர். சந்தில் எல்லோரும் அவரை ஆசிரியர் என்ற பொருளில் சென்செய் என்றே அழைத்தார்கள். முந்தைய ஆண்டு மழைக்கு ஒதுங்கிய கோதைக்கு அவர் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தார். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவள் மனதில் தங்கிவிட்டது.

"பதினொரு தடவை வந்துவிட்டேன், சென்செய். இன்னும் வெளியிலேயே நிற்கிறேன். உள்ளே வர என்ன செய்ய வேண்டும்?"

மியோஷுன் ஒரு மூங்கில் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்தார்.

"காலையில் வாசலைப் பெருக்குங்கள்."

கோதைக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. முதல் நாளே மடத்து வாசலோடு நிற்காமல் பக்கத்து வீடு, எதிர் வீடு என்று சந்து முழுவதையும் பெருக்கி முடித்தாள். மனம் நிறைந்திருந்தது.

அன்று மாலை பக்கத்து வீட்டு ஒகாபே வந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு பெட்டி பேரிக்காயை இரு கைகளாலும் நீட்டி, தொந்தரவு கொடுத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். அவர் போனதும் எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் நிஷிதா என்ற பெண்மணி இனிப்போடு வந்தார். அவரும் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் ஆறு மணிக்குக் கோதை கதவைத் திறந்தபோது மடத்து வாசல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. ஒகாபே ஐந்து மணிக்கே எழுந்து, வலிக்கும் முழங்காலோடு பெருக்கிவிட்டுப் போயிருந்தார்.

"நான் தவறு செய்துவிட்டேனா?" என்று மியோஷுனிடம் கேட்டாள்.

"ஒகாபேயின் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்."

மியோஷுன் வெளியே வந்து, துடைப்பத்தின் காம்பால் மடத்தின் எல்லையில் ஒரு கோடு கிழித்தார். அதைத் தாண்டி ஒகாபே வீட்டுப் பக்கம் ஒரு அடி தள்ளி இன்னொரு கோடு.

"இது வரைக்கும்."

"எல்லையோடு நிறுத்தினால் என்ன?"

"முகத்தைத் திருப்பிக்கொண்டதாக இருக்கும்."

"இன்னும் கொஞ்சம் போனால்?"

மியோஷுன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். உள்ளே போய் ஒரு பேரிக்காயைச் சீவி எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

செப்டம்பர் போனது. அக்டோபரும் போனது. கோதை தினமும் பெருக்கினாள். ஒகாபேயும் அவர் மனைவி ஹருயோவும் வணக்கம் சொன்னார்கள். நிஷிதா குளிரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார். அவ்வளவுதான். யாரும் அவளை வீட்டுக்குள் அழைக்கவில்லை. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சில நாள் அவளுக்குத் தோன்றியது.

நவம்பரில் ஒரு காலை ஹருயோ சமையலறையில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. அதன் பிறகு ஒகாபே விடிந்ததும் முதல் பேருந்தில் மருத்துவமனைக்குப் போய், பொழுது சாயும்போது திரும்பினார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

மடத்து முற்றத்தில் நின்ற பெரிய கிங்கோ மரம் அந்த வாரம்தான் மஞ்சள் இலைகளை உதிர்க்கத் தொடங்கியது. காற்று அவற்றை அள்ளிக்கொண்டுபோய் ஒகாபே வீட்டு வாசலில் போட்டது. இந்தப் பக்கம் கோதை ஒரு அடி பெருக்கினாள். ஒகாபே வீட்டுக்கு அந்தப் புறம் இருந்த வீட்டுக்காரர் ஒரு அடி பெருக்கினார். எதிரிலிருந்து நிஷிதா தன் பங்குக்கு ஒரு அடி. நடுவில் இலைகள் குவிந்து, மழையில் நனைந்து, சோப்பு போல வழுக்கின. அதன் மேல்தான் ஒகாபே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நான்காம் நாள் கோதையால் பொறுக்க முடியவில்லை. அவர் கிளம்பிப் போனதும் துடைப்பத்தோடு புறப்பட்டாள். மியோஷுன் வாயிற்கதவருகே நின்றிருந்தார்.

"மரம் நம்முடையது, சென்செய். இலையும் நம்முடையது. அவர் விழுந்துவிட்டால்?"

"முழுதும் பெருக்கிவிடுவீர்கள். அவர் பகலெல்லாம் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வருவார். சுத்தமான வாசலைப் பார்ப்பார். பிறகு என்ன செய்வார்?"

கோதை யோசித்தாள்.

"கடைக்குப் போவார்" என்றாள் மெதுவாக. "பேரிக்காய் வாங்க."

"ஆமாம்."

"அதற்காக அவரை அப்படியே விட்டுவிடுவதா?"

"பெருக்குவோம்" என்றார் மியோஷுன். அவரும் ஒரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

இருவரும் பெருக்கினார்கள். ஒரு அடி வந்ததும் கோதை நின்றாள். அடியைத் தாண்டி ஒரு இலை கிடந்தது. அதைத் தள்ளினாள். அதனருகே இன்னொன்று. அதையும் தள்ளிவிட்டுத் திருட்டுத்தனமாகத் திரும்பிப் பார்த்தாள். மியோஷுன் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் ஒன்றைக் கவனித்தாள். அந்தப் புறத்து வீட்டுக்காரர் பெருக்கிய இடமும் நாலு விரல் நகர்ந்து வந்திருந்தது. நிஷிதாவின் பக்கமும் அப்படியே. அவர்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் துடைப்பத்தை மற்றவர் பார்க்கக்கூட இல்லை. இன்று குளிர் அதிகம் என்றார் நிஷிதா. ஆமாம் என்றாள் கோதை.

நாளுக்கு நாள் நடுவில் கிடந்த மஞ்சள் குறுகியது. பாய் அகலம் இருந்தது பலகை அகலம் ஆனது. பிறகு சாண் அகலம். ஒன்பதாம் நாள் காலை எல்லோரும் பெருக்கி முடித்து உள்ளே போன பிறகு கோதை எட்டிப் பார்த்தாள். ஒகாபே வீட்டு வாசலில் ஒரு இலை இல்லை.

"சென்செய், இன்று நீங்கள் எத்தனை அடி பெருக்கினீர்கள்?"

"ஒரு அடிதான். இலை விழுந்துகொண்டே இருந்தது. சரியாக அளக்க முடியவில்லை."

அன்று மாலை ஒகாபே வந்தார். கதவைத் திறந்தார், உள்ளே போனார். யார் வீட்டுக்கும் பெட்டி எதுவும் வரவில்லை. விளக்கு சீக்கிரமே அணைந்தது. தூங்கியிருப்பார்.

மாதக் கடைசியில் ஒரு நண்பகல், சந்து முனையில் டாக்ஸி வந்து நின்றது. ஒகாபே இறங்கி மறுபக்கம் போய் ஹருயோவைத் தாங்கி இறக்கினார். பாதியாக மெலிந்திருந்தார் அந்த அம்மாள். இருவரும் ஒவ்வொரு அடியாக வைத்து வீடு வரை வந்தார்கள். ஹருயோ வாசலைப் பார்த்தார். தலைக்கு மேல் நீண்டிருந்த கிளையை அண்ணாந்து பார்த்தார். கணவரிடம் ஏதோ கேட்டார்.

ஒகாபே மடத்துப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். எதிரே பார்த்தார். சந்தில் ஆளே இல்லை. எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.

அவர் பையைக் கீழே வைத்தார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அந்த வெறும் சந்தைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். ஹருயோவும் சுவரைப் பிடித்தபடி குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

கோதை மடத்தின் மரச்சட்டக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே, முடிதிருத்தும் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், நிஷிதாவின் வெள்ளை மேலங்கி மெல்ல வளைவது தெரிந்தது. திரும்பினாள். பக்கத்தில் மியோஷுனும் குனிந்திருந்தார்.

"ஒகாபே யாரை வணங்குகிறார், சென்செய்?"

"உங்களையும்தான்" என்றார் மியோஷுன், தலை நிமிராமல். "குனியுங்கள்."