வால் காட்ட மாட்டேன்னு சொன்ன எறா

அந்தக் காலத்துல தண்ணிக்குள்ள இருந்ததுங்க எல்லாம் வாய் ஓயாம பேசும். இப்ப மீன் வாயைத் திறந்தா வெறும் குமிழிதான் வருது. அன்னைக்கு ஒவ்வொரு குமிழியிலயும் ஒரு வார்த்தை இருக்கும்.

அப்படி ஒரு குளத்துல மடையாண்டின்னு ஒரு விரால் மீன். குளத்துக்கு அவருதான் எல்லாம். கருகருன்னு உடம்பு, உலக்கை மாதிரி உருண்ட தலை. ஒரே ஒரு தொல்லை. விரால் அடிக்கடி மேல போயி காத்து குடிச்சாகணும். அதனால அவரு எந்தப் பேச்சையும் ஒரே மூச்சுல முடிச்சதே இல்லை. "இவனைக் கொண்டுபோயி..."ன்னு ஆரம்பிப்பாரு, மேல போயிருவாரு. கீழ அவன் குலை நடுங்கி நிப்பான். இறங்கி வந்து, "...கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு"ம்பாரு.

அந்தக் குளத்துல ஒரு வழக்கம் இருந்துச்சு. விடிஞ்சதும் எல்லா மீனும் வரிசையா வந்து, திரும்பி நின்னு, மடையாண்டிக்கு வாலைக் காட்டணும். உங்களை நம்பி முதுகைக் கொடுத்திருக்கோம்னு அதுக்கு அர்த்தம். அவருக்குத் தோணுனா யாராவது ஒருத்தர் வால்ல ஒரு கடி. கடி வாங்குனவங்க அழ மாட்டாங்க, அதைக் குளம் முழுக்கக் காட்டிக்கிட்டுத் திரிவாங்க. கெண்டை அக்கா இருக்காளே, அவ எதையும் ரெட்டையாத்தான் சொல்லுவா. "பாத்தியா பாத்தியா? என் வாலைக் கடிச்சிருக்காரு, கடிச்சிருக்காரு!"

ஒரு மழைக்கு ஆத்துல வெள்ளம். அந்த வெள்ளத்துல அடிச்சுக்கிட்டு, வாய்க்கால் வழியா வந்து சேந்தா துள்ளாயிங்கிற எறா. வயித்துக்கு அடியில, வாலோட ஒட்டிக் கொத்துக் கொத்தா முட்டை. அது பொரியணும்னா ஓட்டம் இல்லாத தண்ணி வேணும், ஒளிஞ்சுக்கப் பாசி வேணும். குளம் நிறைய வேலம்பாசி காடாட்டம் வளந்து நிக்கிறதைப் பாத்ததும் அவளுக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. புள்ளைங்க பொழைச்சா இங்கதான் பொழைக்கணும்.

ஆனா உடனே உள்ள பாயலை. ஆத்துத் தண்ணியும் குளத்துத் தண்ணியும் கலக்குற வாய்க்கால் வாயில உக்காந்துட்டா. மடையாண்டிக்குக் கையாளு மீசையன்னு ஒரு கெளுத்தி. மீசையை உருட்டிக்கிட்டு வந்தான்.

"அதாவது என்னன்னா, வரதுன்னா வா, போறதுன்னா போ. வாசல்ல உக்காரக் கூடாது."

"தண்ணி மாறுதுண்ணே. சட்டுனு இறங்குனா உடம்பு தாங்காது. கொஞ்சங் கொஞ்சமா பழகிக்கிட்டு வரேன்."

"அதாவது என்னன்னா, பயம்."

"பயந்தவ வெள்ளத்தோட போயிருப்பாண்ணே. நான் இருக்க வந்திருக்கேன்."

தண்ணி பழகுனதும் இறங்குனா. வேலம்பாசி முழுக்க வழுவழுன்னு அழுக்கு படிஞ்சு கிடந்துச்சு. அந்த அழுக்குதான் எறாவுக்குச் சோறு. முன்கை ரெண்டும் தண்டைச் சுரண்டும், நீள மீசை ரெண்டும் பின்னால துழாவி அடுத்த சந்தைத் தேடும். பாசியும் பச்சைப்பசேல்னு ஆச்சு, அந்தக் காட்டுல எந்தச் சந்து எங்க போகுதுன்னு துள்ளாயிக்குத் திரும்பிப் பாக்காமலே தெரியவும் ஆரம்பிச்சுது.

ராத்திரி முழுக்க இப்படியே போயி, விடிஞ்சுது. எல்லா மீனும் வந்து திரும்பி நின்னுச்சு. ஒரே ஒரு மூஞ்சி மட்டும் மடையாண்டிக்கு நேரா தெரிஞ்சுது.

"யாருடி அவ, என்னை நேருக்கு நேரா..." மேல போனாரு. குடிச்சாரு. இறங்குனாரு. "...பாக்கிறவ?"

"துள்ளாயிங்க ஐயா. ஆத்துல இருந்து வரேன்."

"திரும்பு."

"மாட்டேன்."

கெண்டை அக்கா குனிஞ்சு கிசுகிசுத்தா. "திரும்பிரு புள்ள, திரும்பிரு. ஒரு கடிதான், ஒரு கடிதான். மொதல்ல கூசும், அப்புறம் பெருமையா இருக்கும்."

"உனக்கு வால்னா வெறும் வால்தானே அக்கா. எனக்கு அங்கதான் புள்ளைங்க இருக்கு."

மீசையன் குறுக்க வந்தான். "அதாவது என்னன்னா, குளத்துக்குன்னு ஒரு முறை இருக்கு. நேத்து வந்தவளுக்காக மாத்த முடியாது."

"மாத்த வேணாம்ணே. அழுக்கெடுக்கச் சொல்லுங்க, குளம் முழுக்க எடுக்கிறேன். திரும்பி மட்டும் நிக்க மாட்டேன். அவருக்கு என்ன வேணும்னாலும் என் மூஞ்சியப் பாத்துக் கேக்கட்டும்."

மடையாண்டிக்குச் செவுள் ரெண்டும் புடைச்சுது. "இந்த நிமிஷமே உன்னை நான்..."

மூச்சு முட்டிருச்சு. மேல போனாரு.

"ஓடு ஓடு!"ன்னா கெண்டை. "அவரு வரதுக்குள்ள திரும்பி ஓடிரு, ஓடிரு!"

"திரும்பித்தான் ஓடணும்னா இவ்வளவு நேரம் எதுக்கு அக்கா பேசுனேன்?"

அவரு இறங்கி வந்தாரு. வாயைத் திறந்தாரு. அதுக்குள்ள துள்ளாயி அவரு குரலாட்டமே கட்டக் குரல்ல முடிச்சுட்டா.

"...முழுங்கப் போறேன்! அதானே ஐயா? மிச்சத்த நான் சொல்லிட்டேன். மூச்சை வீணாக்காம வந்து முழுங்குங்க."

எங்கயோ ஒரு அயிரை மீன் களுக்குன்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. வாலைக் காட்டிக்கிட்டு நின்ன வரிசையே குலுங்குச்சு. மடையாண்டியப் பாத்து அந்தக் குளம் சிரிச்சது அதுதான் மொத தடவை.

பாய்ஞ்சாரு பாருங்க! வாய் மட்டும் குகை மாதிரி வருது. துள்ளாயி கண்ணை எடுக்கலை. முட்டைக்கு ஒண்ணும் ஆகிறக் கூடாதேன்னு வாலை மட்டும் வெடுக்குன்னு உள்ள மடக்கி வயித்தைப் பொத்துனா. அவ்வளவுதான். மடக்குன வேகத்துல தண்ணி அவளை ஒரே தள்ளா தள்ளுச்சு.

சடக்!

பின்னால போயிட்டா. அவரு இன்னும் வராரு. திரும்பவும் மடக்குனா. சடக்! மீசை சந்தைச் சொல்ல, தண்டுக்கும் தண்டுக்கும் நடுவுல பின்னாடியே நழுவுறா, கண்ணு மட்டும் அவரு கண்ணு மேலயே. கடைசியா ஒரு சடக். அவ பூந்தது மடையோரத்து அடர்பாசிக்குள்ள. அவரு போயி மோதுனது மடைக் கல்லுல.

ணங்!

உருண்டையா இருந்த தலை தட்டையாப் போச்சு. விராலைப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது இன்னும் நிமிரவே இல்லை.

"அதாவது என்னன்னா, ஓடிட்டா! பயந்து ஓடிட்டா!"ன்னு கத்துனான் மீசையன்.

பாசிக்குள்ள இருந்து பதில் வந்துச்சு. "ஓடுனேன்தாண்ணே. ஆனா அவரு பாத்தது என் முதுகையா, மூஞ்சியையான்னு அவரையே கேளுங்க."

மடையாண்டி தட்டைத் தலையோட மேல காத்து குடிக்கப் போனாரு. இறங்கி வந்தும் எதையும் முடிக்கலை. மறுநாள் விடிஞ்சதும் கெண்டை அக்கா வரிசைக்கு வந்தா. திரும்பி மட்டும் நிக்கலை. "இன்னைக்கு முடியாதுங்க, முடியாதுங்க"ன்னா. பக்கத்துல நின்ன அயிரைகளும் அவ மூஞ்சியப் பாத்துட்டு அப்படியே நின்னுருச்சு.

கொஞ்ச நாள்ல முட்டை பொரிஞ்சுது. கடுகளவு குஞ்சுங்க, கண்ணாடியாட்டம் உடம்பு, கறுப்பா ரெண்டு கண்ணு. பாசிக்கு மேல விரால் நிழல் ஒண்ணு கடந்து போச்சு. யாரும் சொல்லித் தரலை. அத்தனையும் வாலை மடக்கி, சடக் சடக்னு பின்னால போயி, அங்க இருந்து நிமிந்து பாத்துச்சு.

அன்னைக்குப் பிடிச்ச அந்த வீம்பு இன்னும் எறா சாதியை விட்டுப் போகலை. செடி நல்லா வேர் பிடிச்ச ஒரு கண்ணாடித் தொட்டியில நாலு எறாவை வாங்கி விட்டுட்டு, வலையோட கிட்ட போயிப் பாருங்க: வாலை மடக்கிப் பின்னாலயே பாயும், கண்ணு மட்டும் உங்க மூஞ்சி மேலயே இருக்கும்.