அல்லிக்குளத்து நார்

அல்லிக்குளத்தில் முன்பெல்லாம் விடிவதற்குள் 'களுக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கெண்டை துள்ளும் சத்தம். உடனே முக்குளிப்பான் பறவை தன் மிதக்கும் கூட்டிலிருந்து தலையை நீட்டும். "சோறு கூப்பிடுகிறது, எழுந்திருங்கள்!" என்று குஞ்சுகளை எழுப்பும்.

ஒருநாள் அக்கரைக் காட்டிலிருந்து ஒரு குரங்கு வந்தது. குளத்தின் தலைவரான எருமையைக் கும்பிட்டது.

"அண்ணா! எங்கள் காட்டில் எல்லோருக்கும் தென்னைநார் மெத்தை வேண்டுமாம். உங்கள் குளத்தில் தேங்காய் மட்டையை ஊறப்போட்டு நார் எடுத்துக் கொடுங்கள். பதிலுக்கு மாம்பழம், பலாப்பழம், கரும்பு! எல்லையில் வாங்கும் சுங்கத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்!"

கரும்பு என்றதுமே எருமைக்கு வாணிபக் கொள்கை முழுவதும் விளங்கிவிட்டது.

"உங்கள் காட்டிலும் குளம் இருக்கிறதே, குரங்கண்ணா! அங்கேயே ஊறப்போட்டால் என்ன?" என்று முக்குளிப்பான் கேட்டது.

"ஐயோ, தண்ணீர் நாறிவிடும்! எங்கள் ஊரில் அதற்குத் தடை!" என்ற குரங்கு நாக்கைக் கடித்துக்கொண்டது. முக்குளிப்பானைத் தவிர யாரும் அதைக் கவனிக்கவில்லை. மற்ற எல்லோரும் குரங்கு மாதிரிக்குக் கொண்டுவந்த பலாப்பழத்தை மோந்துகொண்டிருந்தார்கள்.

"அப்படியானால் கரைக்கு அப்பால் தனிக் குழி வெட்டுவோம். நாரின் விலை ஒரு சுளை கூடும், அவ்வளவுதானே?" என்றது முக்குளிப்பான்.

"விலை கூடினால் இவர் வேறு குளத்துக்குப் போய்விடுவார்! வளர்ச்சியைக் கெடுக்கவென்றே பிறந்தாயா?" என்று எருமை அதட்டியது. ஆனாலும் அது நியாயம் தெரிந்த எருமை. தண்ணீரைக் கண்காணிக்கக் கொக்கை அதிகாரியாக நியமித்தது.

கொக்கு நாள்தோறும் தண்ணீரைச் சுவைத்தது. வாய்க்கால் வந்து விழும் மூலையில் நின்று சுவைத்தது. மட்டைகள் ஊறியதோ எதிர்மூலையில்.

"இங்கே வந்து குடித்துப் பாருங்கள், ஐயா!" என்றது முக்குளிப்பான்.

"அங்கே நாற்றம் தாங்கவில்லையே அம்மா, எப்படி நிற்பது?" என்ற கொக்கு, "தண்ணீர் பளிங்கு!" என்று அறிவித்தது.

கரையில் பழம் குவிந்தது. குளம் கறுத்தது. கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. "மீன்வளம் பெருகிவிட்டது! தானாகவே மேலே வருகிறது!" என்று கொக்கு இன்னோர் அறிவிப்பும் செய்தது.

அதன்பிறகு 'களுக்' சத்தம் இல்லை. குஞ்சுகளின் கத்தல்தான் கேட்டது.

"தலைவரே, பிள்ளைகள் பட்டினி!"

"மாம்பழம் கொடேன்!"

"அவை மீன் தின்னும் பிள்ளைகள், தலைவரே!"

எருமை குரங்கிடம் மீன் கேட்டது. "தாராளமாக! எங்கள் குளம்தான் சுத்தமாயிற்றே. குவித்து வைத்திருக்கிற பழத்தையெல்லாம் திருப்பிக் கொடுங்கள், நார் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள், போதும்!" என்றது குரங்கு.

"பார்த்தாயா? இப்போது மீன் வாணிபமும் தொடங்கிவிட்டது!" என்று எருமை வாலை ஆட்டியது.

மீன் வந்து சேர்ந்தபோது கூட்டில் சத்தம் அடங்கியிருந்தது.

வந்த பழத்தை மட்டும் பார்த்து, கெட்ட தண்ணீரைக் கணக்கில் சேர்க்காத ஊர், தன்னிடம் இருந்ததையே விலை கொடுத்து வாங்கும்.

முக்குளிப்பான் இப்போது அக்கரைக் குளத்தில் இருக்கிறது, தனியாக.