பச்சை மரத்துப் பிசின்

கூதல்மேட்டு மடத்தில் அறுபத்தோரு வயதுச் சீடர் ஒருவர் இருந்தார். பெயர் ஆவுடையப்பன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆட்டிப் படைத்து ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். அவருடைய குரு செங்கமலத்தம்மாவுக்கு முப்பத்தெட்டு வயதுதான். ஒரு காலத்தில் காட்டிலாகா நாற்றங்காலில் பைன் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கூலி வாங்கியவர். வயசைப் பார்த்தா ஞானம் வருகிறது? ஹெட்மாஸ்டர் அவரை ‘அம்மா’ என்பார். அவர் ஹெட்மாஸ்டரை ‘சார்’ என்பார்.

ஹெட்மாஸ்டர் மலையேறி வந்ததற்குக் காரணம் அவருடைய கோபம். அது பெண்டாட்டியை வாயடைக்க வைத்துவிட்டது, மகனை வீட்டை விட்டே விரட்டிவிட்டது. வந்த அன்றே கேட்டுவிட்டார்.

“கோபத்தை வெட்டித் தள்ளணும்மா. வழி சொல்லுங்க.”

“இருங்க சார், பார்ப்போம்” என்றார் அம்மா.

பார்த்துக்கொண்டே ஆறு மாதம் ஓடிவிட்டது. தினம் சாயங்காலம் ஹெட்மாஸ்டர் ஒரு பழைய கோபத்தை எடுத்துவைத்து அழுவார். ரசம் ஆறிப்போச்சு என்று தட்டைத் தூக்கி எறிந்தது. தொண்ணூற்றெட்டில் பிரேயர் நேரத்தில் ஒரு பையனை எல்லார் முன்னாலும் அறைந்தது. அம்மா கேட்டுக்கொள்வார். “சரி, சாப்பிடப் போங்க” என்பார். அவ்வளவுதான்.

“இப்பல்லாம் நான் யார்கிட்டயும் கத்தறதே இல்லம்மா” என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பார் ஹெட்மாஸ்டர்.

அது உண்மை. கத்துவதில்லை. யாராவது தப்புச் செய்தால் உதட்டை மட்டும் விரித்து, “பரவாயில்லை” என்பார். அடேயப்பா, அந்தப் பரவாயில்லை! அதற்கு நாலு திட்டே திட்டியிருக்கலாம் என்று இருக்கும் கேட்டவர்களுக்கு.

மடத்துக்கும் கீழே இருக்கிற பூம்பள்ளம் ஊருக்கும் நடுவே சரிவு முழுக்கப் பைன் காடு. அறுநூறு மரம். அந்தப் பங்குனியில் ஒன்பது மரங்கள் உச்சி முதல் அடிவரை செங்கல் நிறத்துக்கு மாறி நின்றன. பட்டைவண்டு பிடித்துவிட்டது. அரிசி அளவுகூட இருக்காது அந்தப் பூச்சி. பட்டையைத் துளைத்து உள்ளே குடித்தனம் நடத்தும், பிள்ளை குட்டி பெறும், அத்தனை பெரிய மரத்தைச் சாகடித்துவிட்டு அடுத்ததுக்குப் பறக்கும்.

ரேஞ்சர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஐப்பசியில திரும்ப வருவேன். அதுக்குள்ள இது நின்னாகணும். பரவிக்கிட்டே இருந்துச்சுன்னா மொத்தச் சரிவையும் மொட்டையடிக்கச் சொல்லித்தான் நான் எழுதணும். எனக்கு வேற வழியில்ல.”

மொட்டைச் சரிவில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று பூம்பள்ளத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மண் மொத்தமும் அவர்கள் வீட்டுக் கூரைமேல்தான் வந்து உட்காரும்.

“என்கிட்ட விடுங்கம்மா” என்றார் ஹெட்மாஸ்டர்.

“எடுத்துக்கங்க சார்” என்றார் அம்மா.

பெட்டியிலிருந்து பழைய விசில் வெளியே வந்தது. மரம் வெட்டும் சடையனையும் அவன் ஆட்களையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். மூன்றே நாளில் ஒன்பது சிவப்பு மரங்களும் தரையில் கிடந்தன. முதல் மரத்தடியிலேயே சடையன் மட்டும் தலையைச் சொறிந்திருந்தான்.

“சார், அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு...”

“பரவாயில்லை” என்றார் ஹெட்மாஸ்டர், உதட்டை விரித்து. சடையன் கோடாலியை எடுத்துக்கொண்டான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பார்த்தால் முப்பத்து நாலு மரம் சிவப்பு!

ஹெட்மாஸ்டர் ஆடிப்போய்விட்டார். விட்டேனா பார் என்று மறுபடியும் இறங்கினார். இருபது மரத்தை வெட்டிச் சாய்த்தபின் கை ஓய்ந்துபோய் ஒரு அடிமரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அம்மா சரிவில் இறங்கி வந்தார்.

“செத்த மரத்தையெல்லாம் வெட்டிட்டேனே அம்மா. இன்னும் எங்கேருந்து வருது?”

“ஒரு பட்டையை உரிங்க சார்.”

உரித்தார். உள்ளே புழு இல்லை, வண்டு இல்லை. பூச்சி ஓடிய கோடுகள் மட்டும் இருந்தன. பட்டை முழுக்க ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள்.

“ஒண்ணுமே இல்லையே!”

“காலி வீடு சார். குடியிருந்தவங்க எப்பவோ கிளம்பியாச்சு.”

“எங்க போனாங்க?”

அம்மா நடந்தார். ஹெட்மாஸ்டர் பின்னாலேயே போனார். மடத்துப் பக்கம் ஏறி, அம்மா நின்ற இடம் எது தெரியுமா? ஹெட்மாஸ்டர் தினம் விடிகாலையில் கண்ணை மூடி உட்காருகிற மரத்தடி. காட்டிலேயே பெரிய மரம் அது. பச்சைப்பசேல் என்று நின்றது.

“இதுலயா? என்னம்மா நீங்க! இதுக்கு என்ன கேடு? நான் தினம் சாய்ஞ்சு உட்கார்ற மரம்!”

“சாய்ஞ்சு உட்கார்ந்தா முதுகுக்குப் பின்னால இருக்கிறது தெரியாது சார்.”

அம்மா விரலால் பட்டையைக் காட்டினார். ஜவ்வரிசி அளவில் பிசின் முத்து ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. குனிந்து பார்த்தால் அடிமரத்தைச் சுற்றிக் காப்பித்தூள்போல நைஸாகப் பொடி கொட்டிக் கிடந்தது. பூச்சி உள்ளே நுழையும்போது மரம் தன்னால் முடிந்த மட்டும் பிசினை விட்டு அதைத் தள்ளப் பார்க்கும். அதுதான் அந்த முத்து. இலை சிவக்கும்போது பூச்சி பறந்திருக்கும். பூச்சி உள்ளே இருக்கும்போது இலை பச்சையாகத்தான் இருக்கும்.

அம்மா கோடாலியை நீட்டினார்.

ஹெட்மாஸ்டருக்குக் கை வரவில்லை. மரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓங்கினார். மரம் விழுந்ததும் பட்டையை உரித்துப் பார்த்தவர், “ஐயோ!” என்று ஓரடி பின்னால் நகர்ந்தார். பட்டைக்கடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் அத்தனையும் பறந்திருக்கும்.

பட்டையைக் குவித்துக் கொளுத்தினார்கள். மிஞ்சிய கட்டை மடத்துக்கு உத்தரமாக ஆனது.

“மீதி இருக்கிற பதினாலு சிவப்பு மரத்தையும் சாய்ச்சிடவா?” என்று கேட்டான் சடையன்.

“அது நிக்கட்டும்” என்றார் அம்மா. “அதுல மரங்கொத்தி பொந்து போட்டிருக்கு. பக்கத்து மரத்துப் புழுவை அது தின்னுக்கும்.”

அதற்கப்புறம் ஹெட்மாஸ்டரைப் பிடிக்க வேண்டுமே! ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பால் நம்பர் போட்டார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி ஒரு நோட்டுத் தைத்தார். தினம் காலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மரம் மரமாகச் சுற்றிவந்து பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு, சுத்தம். இருநூற்றுப் பதிமூன்று, தெற்குப் பக்கம் ஒரு முத்து. அன்றைக்கே வெட்டு, அன்றைக்கே உரி, அன்றைக்கே கொளுத்து. நெருக்கியடித்துக்கொண்டு தண்ணீருக்குத் தவித்த நோஞ்சான் மரங்களைக் கழித்தார்கள். நல்ல மரம் நாலைந்தை வேண்டுமென்றே வெட்டி நிழலில் போட்டுவைத்தார் அம்மா. வாசத்துக்கு வண்டு வந்து அதில் குடியேறும். குஞ்சு பறக்குமுன் பட்டையோடு நெருப்பில் போய்விடும். பூம்பள்ளமே வேலைக்கு வந்து நின்றது.

வைகாசியில் நாற்பத்தோரு மரத்தில் முத்து இருந்தது. ஆடியில் ஒன்பது. ஆவணியில் இரண்டு. புரட்டாசி முழுக்கத் தேடியும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. “பூஜ்யம்!” என்று ஹெட்மாஸ்டர் போட்ட சத்தம் பூம்பள்ளம் வரைக்கும் கேட்டதாம்.

ஐப்பசியில் ரேஞ்சர் வந்தார். காலையில் இறங்கியவர் மத்தியானம்தான் ஏறி வந்தார். அடிமரம் அடிமரமாகக் குனிந்து பார்த்திருக்கிறார். ஒரு முத்து இல்லை, ஒரு சிட்டிகைப் பொடி இல்லை.

“நல்ல மரம் நானூத்தித் தொண்ணூறுக்கு மேல நிக்குது. இந்தச் சரிவுல இனிமே யாரும் கைவைக்க மாட்டாங்க. நான் எழுதிக் கொடுத்துடறேன்” என்றார்.

அவ்வளவுதான், ஊர் கொண்டாட்டத்தில் குதித்தது. மேளம் வந்தது, மடத்து வாசலில் பெரிய அண்டாவில் பாயசம் கொதித்தது. எல்லாரும் வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்தார்கள். ரேஞ்சர் எழுந்து பேசினார். எழுந்தவர் சடையன் தோளில் கையைப் போட்டார்.

“இந்த ஆளு கண்ணு இருக்கே, கண்ணு! இவன் இல்லேன்னா இந்தக் காடு இல்ல.”

கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ரேஞ்சர் உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நம்பரைப் பற்றி இல்லை. ஆவுடையப்பன் என்கிற பெயரே அந்தப் பேச்சில் வரவில்லை.

சடையன் கூச்சத்தோடு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினான். “எல்லாம் நீங்கதான்... உங்க பேரைச் சொல்லாம விட்டுட்டாரே சார்.”

ஹெட்மாஸ்டரின் உதடு விரிந்தது.

“பரவாயில்...”

பாதியில் நின்றுவிட்டார். யாரோ கூப்பிட்டதுபோல் தன் நெஞ்சைக் குனிந்து பார்த்தார். பந்தியிலிருந்து எழுந்து நின்றார்.

“பரவாயில்லைன்னு சொல்ல வந்தேன். பொய்! எனக்குச் சுருக்குனு கோபம் வந்துச்சு சடையா. உன்மேலயும் வந்துச்சு, இவர்மேலயும் வந்துச்சு. இப்பதான், இந்தா, இந்த நிமிஷம். பட்டைக்குள்ள உசிரோட இருக்கு!”

ரேஞ்சர்தான் முதலில் சிரித்தார். சடையன் சிரித்தான். ஹெட்மாஸ்டரும் சிரித்தார், வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும். அவர் பல்லை அன்றைக்குத்தான் மடம் பார்த்தது. சிரித்து முடித்து நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

இலையை அப்படியே விட்டுவிட்டு அம்மாவிடம் ஓடினார்.

“அம்மா! சிக்கிடுச்சும்மா! கையும் களவுமா பிடிச்சிட்டேன்!”

“பார்த்தேன் சார்.”

அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. ஹெட்மாஸ்டர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பழக்கம் விடுமா? தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதே மாதிரிதாம்மா, தொண்ணூத்தெட்டுல, பிரேயர்ல வெச்சு அந்தப் பையனை...”

அம்மா கையை உயர்த்தினார்.

“அது நிக்கட்டும் சார். அந்த மரத்துல இப்ப மரங்கொத்திதான் இருக்கு.”