தடுத்தால் யாரும் சாவதில்லை

தூத்துக்குடியில் குங்ஃபூ போட்டி தொடங்கும் நேரம், அதை நடத்தும் டிராகன் தங்கப்பழம் மாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷம் சண்டைப் பிரிவு கிடையாது. தனியா நின்னு செஞ்சு காட்டுறது மட்டும்தான். என் அடி பட்டா ஆள் பிழைக்காது. அதையே படிச்ச என் பிள்ளைகளை மோதவிட்டா கொலையிலதான் முடியும்."

போன வருஷம் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் முதல் சுற்றிலேயே தோற்றதை அவர் சொல்லவில்லை.

துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கும் சகாயமேரியும் போட்டிக்கு வந்திருந்தாள். அவளுக்குச் சண்டை மட்டும்தான் வரும். அதில் ஜெயித்தால்தான் மாநிலப் போட்டி. மேடையருகே போய்ப் பணிவாக நின்றாள்.

"மாஸ்டர், உங்க அடி பட்டாத்தானே ஆள் சாவும்?"

"ஆமா பிள்ள."

"அப்ப நீங்க அடிக்க வேண்டாம். நான் அடிக்கேன், நீங்க தடுங்க. தடுத்தா யாரும் சாவ மாட்டாங்கல்லா?"

கூட்டம் விசிலடித்தது. சகாயமேரி கையுறையை மாட்டிக்கொண்டு விரிப்பில் ஏறி நின்றாள். மாஸ்டர் அவள் தோளை ஒரு தடவை பார்த்தார். பிறகு மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனார்.

"பிள்ளைகளை அடியைக் கொஞ்சம் குறைச்சுப் போடச் சொல்லியிருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் சண்டைப் பிரிவு நடக்கும்."

"சரி மாஸ்டர்," என்றாள் சகாயமேரி. "உங்க பேரை எந்த எடைப் பிரிவுல சேர்க்கணும்?"